உத்தியோகஸ்தர் பதிவேடும் அந்தரங்க உரிமையும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அது தோன்றிய காலத்தில் உத்தியோகம் புருஷர்க்கே உரித்தாயிருந்தது. இந்நாளிலோ மாணவியரும் மாணவர்க்குச் சமமாகத் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் பயின்று வருகின்றனர். சேந்தமங்கலத்தைச் சூழ்ந்த ஊர்களில் உழவுத்தொழிலுக்கு அடுத்தபடியாக இளைஞர் உள்ளத்தைக் கவர்வது சர்க்கார் உத்தியோகமேயாம். ஆயினும் அதனை விரும்புவோருள், உத்தியோகம் ஏற்ற அன்றே தம் பெயரால் ஒரு புத்தகம் திறக்கப்படுகின்றதென்பதையும், அப்புத்தகம் ஓய்வு பெறுமளவும், அதற்குப் பின்னுங்கூடத் தம்மைத் தொடர்ந்து வருமென்பதையும் அறிந்தோர் சிலரே. அப்புத்தகத்தைப் பார்க்க உரிமையுடையார் யாவர், பார்க்கத் தகாதார் யாவர் என்பதனை இவ்வியாசத்தில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அதற்குப் பணிப்பதிவேடு என்று பெயர். கச்சேரிகளில் ‘எஸ்.ஆர்.’ என்றே வழங்குவர். அதன் முதற் பக்கத்தில் உத்தியோகஸ்தர் பெயர், தந்தையார் பெயர், பிறந்த தேதி, சாதி, சொந்த ஊர், உயரம், உடலிலுள்ள மச்சம் முதலிய அங்க அடையாளங்கள் ஆகியன எழுதப்பெறும். பின்வரும் பக்கங்களில் அவர் கற்ற கல்வி, தேறிய இலாகாத் தேர்வுகள், பணியேற்ற நாள், ஆண்டுதோறும் உயரும் சம்பளம், இடமாற்றங்கள், பதவியுயர்வுகள், எடுத்த விடுப்புகள், பெற்ற தண்டனைகள், தாம் இறந்தால் பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் யாரைச் சேரவேண்டும் என்ற நியமனம் ஆகிய எல்லாம் வரிசையாக ஏறும். இதனையன்றி, ஒவ்வொருவர்க்கும் தனிக் கோப்பு ஒன்றுண்டு; மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தண அறிக்கையும் உண்டு; உத்தியோகஸ்தர் தாமே எழுதிக் கொடுக்கும் சொத்து விவரமும் உண்டு. இவ்வளவையும் ஒருங்கு வைத்து நோக்கின், ஒருவருடைய ஜாதகத்தினும் மிகுதியான செய்தி அதிலடங்கியிருக்கக் காணலாம். ஜாதகம் வருவதை உரைப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. பதிவேடோ வந்ததையெல்லாம் முத்திரையும் கையொப்பமும் இட்டு உரைக்கின்றது.

ஜாதகத்தை நாம் தெருவிற் போவோரிடமெல்லாம் காட்டுவதில்லை. ஆனால் சம்பந்தம் பேச வருவோர்க்குக் காட்டாமலிருப்பதும் இல்லை. பதிவேட்டின் செய்தியும் இத்தகையதே. சர்க்கார் உத்தியோகஸ்தர் சம்பளம் குடிகள் இறுக்கும் வரியினின்று வருவது. ஆதலின் குடிகளும் சம்பந்தமுடையாரே. எப்பக்கத்திற்கு அவர் சம்பந்தமுடையார், எப்பக்கத்திற்கு அல்லர் என்பதே வினா.

இவ்வினா தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறித்த சாசனங்களை வரலாற்று மாணவர் அறிவர். ஊர் வாரியத்திற்குக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப் பெறுவோர்க்குரிய தகுதிகளை அவை விரித்துரைக்கின்றன. 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குட்பட்டவராய், கால் வேலிக்கு அதிகமான இறைநிலமுடையவராய், தம் சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராய் அவர் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இவற்றிலிருந்து நாம் உணர்வது யாதெனின், பொதுக் காரியம் செய்யப் புகுவோரின் வயது, சொத்து, கல்வி, பழைய கணக்கு ஆகியவற்றை ஊரார் அறியலாம், அறியவும் வேண்டும் என்பதே அக்காலத்தார் கொள்கை. உறவினரையும் சேர்த்து விலக்கியதை இக்காலத்து நீதி ஏலாது. அது வேறு செய்தி.

அந்நிய ஆட்சியில் முறை மாறிற்று. ஆள்வோர்க்கும் குடிகளுக்கும் இடையே திரை விழுந்தது. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் அத்திரைக்கு வலுவான கயிறாயிற்று. கச்சேரிக் காகிதம் எதுவாயினும் அது சர்க்காருடைய உடைமை, கேட்பவன் அந்நியன் என்ற மனப்பான்மை வேரூன்றியது. அந்த இரகசியம் உத்தியோகஸ்தருடைய மானத்தைக் காக்க எழுந்ததென்று எண்ணுதல் தவறு. அது மேலதிகாரியைக் காத்தது. அவர் தம் கீழுள்ளாரைப் பற்றி மந்தண அறிக்கையில் எழுதியதை, எழுதப்பட்டவரே அறியார். பாதகமான குறிப்பாயின் தெரிவிக்க வேண்டுமென்ற விதி பின்னர் ஏற்பட்டது. மற்றவை இருட்டிலேயே கிடந்தன. விடுதலை பெற்ற பின்னரும் அவ்வழக்கம் அறுபதாண்டு அளவும் நீடித்தது.

அவ்விருட்டை நீக்கிய வழக்கொன்றைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். எல்லைச் சாலைகள் அமைப்பிற் பொறியாளராய் இருந்தவர் தேவ் தத் என்பவர். பதவியுயர்வு பெறவேண்டுமாயின் முந்திய ஐந்தாண்டு அறிக்கைகளிலும் ‘மிக நன்று’ என்னும் தரம் பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. அவர்க்கு ஓராண்டில், அதாவது 1993–94-இல், ‘நன்று’ என்று எழுதியிருந்தனர். ‘நன்று’ என்பது குறை கூறும் சொல்லன்று. ஆதலின் அதனை அவர்க்குத் தெரிவிக்க வேண்டுவதில்லை என்று அதிகாரிகள் கருதினர். அந்த ஒரு சொல் அவருடைய பதவியுயர்வைத் தடுத்துவிட்டது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குறிப்பு நல்லதாயினும் தீயதாயினும் நடுத்தரமாயினும் உரியவர்க்குத் தெரிவித்தே ஆகவேண்டும், அவர் மறுத்துரைக்க வாய்ப்பும் தரவேண்டும் என்று விதித்தது. 2013-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறொரு வழக்கில் இதனை உறுதி செய்தது. புகழ்ச்சியும் ஒருவனைக் கெடுக்கவல்லது என்பதைக் கச்சேரிக் காகிதம் நன்கு காட்டியது!

இவ்வழக்கிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். அந்தரங்கம் என்பது முதலாவதாக உரியவர்க்குரிய உரிமை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே பார்க்கவியலாத இடத்தில் அந்தரங்கம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இனி, உரியவர் பார்க்கலாம் எனின், பிறர் பார்க்கலாமோ என்பதை நோக்குவோம்.

அந்தரங்க உரிமை என்ற சொல் நம் அரசியலமைப்பில் எழுத்தில் இல்லை. அதனை வாழ்வுரிமை கூறும் 21-ஆம் பிரிவினுள் அடங்கியதாகத் தெளிவாக எடுத்துரைத்த வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே தோன்றியது. பல கொலைகளுக்காக மரணதண்டனை விதிக்கப்பெற்றிருந்த ஆட்டோ சங்கர் என்பவன் சிறையிலிருந்தபடி தன் வரலாற்றை எழுதினான். அதில் சில உத்தியோகஸ்தர் அவனோடு கொண்டிருந்த தொடர்பு வெளியாகும் என்று பேசப்பட்டது. அதனை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடவிருந்தபோது, சிறைத்துறைத் தலைவர் தடுத்துக் கடிதம் எழுதினார். பத்திரிகையாசிரியர் இராஜகோபால் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் நீதிபதி ஜீவன் ரெட்டி வழங்கிய தீர்ப்பு, தனிமையில் விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று கூறியது. உடனே இரண்டு வரம்புகளையும் வகுத்தது. பொது ஆவணத்திற் பதிவானதைப் பற்றி அந்தரங்கம் கோரலாகாது. பொது உத்தியோகஸ்தர் தம் உத்தியோகக் கடமையைச் சார்ந்த செயலைப் பற்றிப் பிறர் எழுதுவதை, அது பொய்யென்று தெரிந்தோ உண்மையைப் பாராமலோ எழுதியதாக மெய்ப்பித்தாலன்றி, அந்தரங்கம் என்னும் கேடயத்தால் மறைத்துக்கொள்ளலாகாது. அந்தச் சங்கர் அடுத்த ஆண்டில் நம் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டான். குற்றவாளி ஒருவனுடைய கையெழுத்துப் படியினின்று குடிகள் அனைவர்க்கும் பயன்படும் ஒரு நீதி பிறந்தது வியப்பே.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று உரைத்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி புட்டசாமி. இது பலரும் அறிந்ததாதலின் விரிக்கவில்லை.

இது நிற்க. திரையை விலக்கும் முயற்சியும் ஒருபுறம் நடந்தது. தகவல் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவில் முந்திக்கொண்ட மாகாணம் நம் தமிழ்நாடே, ஆண்டு 1997. நாமக்கல் ஜில்லா சேலத்தினின்று பிரிந்து தனித்ததும் அவ்வாண்டேயாம். ஆயினும் அச்சட்டம் விலக்குகள் மலிந்து வலுக்குன்றியிருந்தது. 2005-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன் 4-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு கச்சேரியும் தன் உத்தியோகஸ்தர் பட்டியலையும் அவர் ஒவ்வொருவரும் பெறும் மாதச் சம்பளத்தையும், யாரும் கேளாமலே தானாக வெளியிடவேண்டும். ஆகவே சம்பளம் இரகசியம் என்று கூறுவார் சட்டத்தைப் படியாதவரே. 8-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவிலுள்ள ‘ஜே’ என்னும் கூறுதான் அந்தரங்கத்திற்கு அரணாக நின்றது. பொதுச் செயலுக்கோ பொது நலனுக்கோ தொடர்பில்லாத சொந்தச் செய்தியையும், வெளியிட்டால் தகாத முறையில் ஒருவர் அந்தரங்கத்திற் புகுவதாகும் செய்தியையும் மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருப்பின் கொடுக்கலாம் என்பது அதன் கருத்து. சட்டமன்றத்திற்கு மறுக்கவியலாத செய்தியைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்று ஒரு வாசகமும் அதன் இறுதியில் இருந்தது. இந்த வாசகத்தைப் படிப்பார் நினைவில் வைக்க.

இக்கூறு பணிப்பதிவேட்டைத் தொட்டது 2012-ஆம் ஆண்டில். மகாராஷ்டிரத்து அகோலாவில் வருங்கால வைப்புநிதி அலுவலகத்து அமலாக்க அதிகாரி ஒருவர்க்கு வந்த குறிப்பாணைகள், அவர் பெற்ற கண்டனம், தண்டனை, அவர் சொத்து, பெற்ற பரிசுப் பொருள் ஆகியவற்றைக் கிரீஷ் தேஷ்பாண்டே என்பவர் கேட்டார். உச்சநீதிமன்றம், உத்தியோகஸ்தர் பணியாற்றும் விதம் முதன்மையாக அவர்க்கும் அவரை நியமித்தவர்க்கும் இடையிலுள்ள செய்தி. அது பணிவிதிகளால் ஆளப்படுவது. பெரிய பொதுநலனை மெய்ப்பித்தாலன்றி வெளியிட வேண்டுவதில்லை என்று தீர்த்தது. நம் சிற்றறிவிற்கு இத்தீர்ப்பு தேவைக்கு மேல் அகன்றதாகவே தோன்றுகின்றது. தனியார் கடையில் கணக்கெழுதுபவனுக்கும் முதலாளிக்கும் இடையிலுள்ள தொடர்பைச் சர்க்கார் உத்தியோகத்திற்குப் பொருத்தினால், முதலாளி யார் என்ற கேள்வி எழுமன்றோ? இத்தீர்ப்பிற்குப் பின்னர் நாடெங்கும் அலுவலர் பலர், கேட்ட எதற்கும் ‘மூன்றாம் நபரின் சொந்தச் செய்தி’ என்று ஒற்றை வரியில் விடையெழுதி அனுப்புவது வழக்கமாயிற்று. 2017-இல் கனரா வங்கி வழக்கிலும், 4 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்து எழுத்தர் இடமாற்ற விவரங்களை எல்லாம் திரட்டிக் கேட்ட விண்ணப்பம் இதே காரணத்தால் தள்ளப்பட்டது. ஒருவர் மற்றெல்லார் விவரங்களையும் மொத்தமாகக் கேட்டது அவ்வழக்கு. அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் அலுவலகமே தகவல் சட்டத்திற்கு உட்பட்டதென்று கூறிய தீர்ப்பில், இச்செய்தியைச் செம்மையாக வரையறுத்தனர். உடல்நிலை, மனநிலை, முகவரி, மதிப்பெண், மருத்துவக் குறிப்பு, குடும்ப விவரம் மட்டுமேயன்றித் தகுதி, செயல்மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை என்பனவும் சொந்தச் செய்தியே. ஆயினும் பெரிய பொதுநலன் கோருமிடத்து அவை கிடைக்கும் வழி திறந்தே உள்ளது. எது மிகும் என்பதைத் துலாக்கோலிலிட்டு ஒவ்வொரு வழக்கிலும் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர்நீதிமன்றமும், பொது ஊழியரின் பணிப்பதிவேட்டை அடியோடு மறைத்துவிடலாகாது என்று கூறி, மறுத்த உத்தரவை நீக்கி, மீண்டும் ஆராயும்படி பணித்தது.

நிறுத்துப் பார்ப்பது என்றால் என்ன? அதனை டில்லியிலும் சென்னையிலும் தேடாமல் நம் சேந்தமங்கலத்திலேயே காண்போம். இவ்வூர்க்குக் கிழக்கே காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலையிலும் அடிவாரத்திலும் மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டதே. தமிழ்நாட்டு உத்தியோகங்களில் பழங்குடியினர்க்குக் கிடைப்பது நூற்றுக்கு 1. நூறு இடத்தில் ஒன்று எனின், அந்த ஒன்றைத் தகுதியில்லாதார் ஒருவர் பொய்யான சாதிச் சான்றிதழால் கைப்பற்றிக்கொண்டால், மலையினின்று இறங்கிப் படித்துத் தேறிய ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ இழப்பது அந்த முழு வாய்ப்பையுமாம். அத்தகைய மோசடி நாட்டில் எத்துணைப் பெருகிற்று என்பதற்கு, 1994-ஆம் ஆண்டில் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் சான்றிதழ்களை ஆராயக் குழுக்களும் விசாரணைப் பிரிவும் அமைக்கும்படி நெறி வகுத்ததே போதிய சான்று. 2017 ஜூலையில் இந்திய உணவுக்கழக வழக்கில், பொய்ச் சான்றிதழால் பெற்ற பதவியை நெடுநாள் வகித்தமை பற்றிக் காத்தளிக்க இயலாது என்றும் அந்நீதிமன்றம் முடிவு செய்தது.

அச்சான்றிதழின் விவரம் எங்கேயிருக்கிறது? பணிப்பதிவேட்டில். மலைவாழ் இளைஞன் ஒருவன், தனக்குரிய இடத்தில் அமர்ந்திருப்பவர் எவ்வகுப்பினர் என்ற பெயரால் நியமனம் பெற்றார், அச்சான்றிதழ் எந்த அதிகாரியால் எந்நாளில் வழங்கப்பட்டது, ஆராய்ச்சிக் குழு அதனை மெய்யென்று கண்டதா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இது பிறர் வீட்டு விவகாரத்தை எட்டிப் பார்ப்பதாகுமோ? ஆகாது. நியமனத்திற்கு அடிப்படையாயிருந்ததே அச்சான்றிதழ். அது உத்தியோகத்தின் ஒரு பகுதி. அதனை மறைப்பவர் எவர் அந்தரங்கத்தையும் காப்பவராகார்.

மறுபுறத்தையும் நோக்குவோம். அதே பதிவேட்டில், அதே ஆசிரியை மருத்துவ விடுப்பெடுத்த நாட்களும், அதற்குரிய நோயின் பெயரைத் தாங்கிய சான்றும் இருக்கின்றன. மகப்பேற்று விடுப்பு, கருச்சிதைவு விடுப்பு என்று எழுதப்பட்டிருக்கின்றது. கணவனோடு வாழாது பிரிந்து வந்து, அடிக்கும் கையினின்று தப்பி, மலையேறிப் பள்ளியிற் பணியாற்றும் ஒருத்தியின் இன்றைய வீட்டு முகவரியும் இருக்கின்றது. தன் பணிக்கொடைக்குக் கணவனை நீக்கித் தாயை நியமித்த செய்தியும் இருக்கின்றது. தகவல் கேட்பவன் காரணம் கூறவேண்டியதில்லை என்பது சட்டம். அக்கணவனும் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். எழுத்தர் ஒருவர் யோசனையின்றிப் பதிவேட்டை முழுமையும் நகலெடுத்து அனுப்பிவிட்டால் விளையும் தீங்கைக் கூறவும் வேண்டுமோ?

ஆகவே பதிவேடு முழுவதும் திறந்ததென்பாரும், முழுவதும் மூடியதென்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் அதனை ஒற்றைப் பொருளாகக் கொள்கின்றனர். பதிவேடு பல இதழ்களாலாயது. வாழைத்தாரில் பழுத்ததும் காயும் ஒருங்கிருப்பின், தாரை அப்படியே தள்ளுவாரும் இல்லை, அப்படியே உண்பாரும் இல்லை. சட்டமும் இவ்வழியைத்தான் கூறுகின்றது. 10-ஆம் பிரிவின்படி, விலக்குக்குரிய பகுதியைப் பிரித்தெடுத்து மறைத்துவிட்டு எஞ்சியதைத் தரவேண்டும். நம் கச்சேரிகளில் மிகக் குறைவாகப் பயன்படும் பிரிவு இதுவே போலும். ஏனெனில் இதற்கு உழைப்பு வேண்டும். முழுவதும் தருவதும் எளிது. முழுவதும் மறுப்பது அதனினும் எளிது. பக்கம் பக்கமாகப் படித்து, இது உத்தியோகம், இது மனிதர் என்று பகுத்தறிவதுதான் அரிது.

இப்பகுப்பிலும் ஐயத்திற்கிடமான பக்கங்கள் உண்டென்பதை மறைக்கவில்லை. தண்டனை அத்தகையது. விசாரணை முடியாத குற்றச்சாட்டை வெளியிடின், நிரபராதியின் பெயர் ஊர் வாயிற் கிடந்து சீரழியும். விசாரணை முடிந்து இலஞ்சத்திற்காகத் தண்டிக்கப்பட்டதை மறைப்பின் குடிகள் ஏமாறுவர். தாமதமாக வந்ததற்காக ஒரு முறை கண்டிக்கப்பட்டது இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கும். அதனைப் பத்தாண்டு கழித்துத் தோண்டுவதில் யார்க்கு நன்மை? சொத்து விவரமும் அவ்வாறே. நீதிபதிகளும் அமைச்சரும் வெளியிடுகையில் தாசில்தார் வெளியிட்டாலென்ன என்று கேட்போர் உளர். தாசில்தாரின் மனைவிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த நகைக்கும் ஊரார்க்கும் என்ன தொடர்பு என்பாரும் உளர். இரண்டிலும் நியாயமுண்டு. பதவி உயர உயர மறைவு குறையவேண்டும் என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

உரியவரைக் கேளாமலே அவர் செய்தியைக் கொடுத்துவிடுவதும் சட்டத்திற்கு முரணானது. 11-ஆம் பிரிவின்படி, பொதுத் தகவல் அலுவலர் விண்ணப்பம் கிடைத்த 5 நாட்களுக்குள் உரியவர்க்கு அறிவிக்கவேண்டும்; அவர் 10 நாட்களுக்குள் தம் ஆட்சேபத்தைக் கூறலாம். ஆட்சேபம் கூறியதனாலேயே மறுத்துவிட முடியாது. அதனையும் கருத்திற்கொண்டு அலுவலரே முடிவு செய்யவேண்டும். மேலே கூறிய ஆசிரியைக்கு இந்தப் பத்து நாட்களே காவல். ஆதலின், உத்தியோகத்திற் சேர்வோர் இத்தகைய கடிதம் வந்தால் அதனை மேசையிற் போட்டு மறந்துவிடலாகாது.

இனி, அண்மையில் நேர்ந்த மாற்றத்தைக் கூறுவோம். 2023-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதன் 44-ஆம் பிரிவு, தகவல் சட்டத்தின் ‘ஜே’ கூற்றை அடியோடு சுருக்கிற்று. பொதுச் செயலுக்குத் தொடர்புண்டா, தகாத முறையிற் புகுவதாகுமா என்ற அளவைகள் நீங்கின. சட்டமன்றத்தைப் பற்றிய வாசகமும் நீங்கியது. சொந்தச் செய்தி என்ற இரண்டு சொற்களே எஞ்சின. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. செய்தியைக் கையாள்வோர்க்கு அச்சட்டம் விதிக்கும் ஏனைய கடமைகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை தரப்பட்டது. பூட்டு உடனே வந்தது. காவலாளின் கடமை பின்னர் வரும். இவ்வரிசையை மாற்றி அமைத்திருக்கலாம் என்று கூறுவது அரசியலாகாதென நம்புகின்றோம்.

எனினும் கதவு முற்றும் அடைபட்டதென்று கருதுதல் வேண்டா. 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு மாறாமல் நிற்கின்றது. விலக்கு எதுவாயினும், வெளியிடுவதால் வரும் பொதுநலன், காக்கப்படும் நலனுக்கு நேரும் தீங்கினும் மிகுமாயின் கொடுக்கலாம் என்பது அது. சம்பளத்தைத் தாமே வெளியிடச் சொல்லும் 4-ஆம் பிரிவும் நிற்கின்றது. பளு மட்டும் இடம் மாறிற்று. முன்னர் ‘இதனைக் கொடுத்தால் அந்தரங்கத்திற்கு என்ன கேடு’ என்று அலுவலர் காட்டவேண்டியிருந்தது. இப்பொழுது பொதுநலன் மிகும் என்று கேட்போன் காட்டவேண்டியுள்ளது. மலையினின்று வந்த இளைஞனுக்கு இது ஏற்றமான பாதை, ஏறக்கூடாத பாதையன்று. அவன் தன் விண்ணப்பத்தில் ‘பதிவேட்டின் நகல் வேண்டும்’ என்று பொதுப்படக் கேளாமல், சான்றிதழின் எண், தேதி, வழங்கிய அதிகாரி, ஆராய்ச்சிக் குழுவின் முடிவு என்று குறித்து, பழங்குடி ஒதுக்கீட்டைக் காப்பது பொதுநலன் என்பதையும் இரண்டு வரியில் எழுதுவானாயின் மறுப்பது அரிதாகும். மறுத்தாலும் முதல் மேல்முறையீட்டிற்கு 30 நாளும், பின்னர் ஆணையத்தை நாட 90 நாளும் அவனுக்குண்டு.

அலுவலர் நிலைமையும் இரங்கத்தக்கதே. தக்க காரணமின்றி மறுத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாயாக 25,000 ரூபாய் வரை தண்டம் அவர் கையிலிருந்தே போகும். பிறர் செய்தியை வெளிவிட்டாலும் பழி வரும். இவ்வளவு நுண்ணிய நிறுவையை, அப்பொழுதே நான்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு துணை வட்டாட்சியர் தலையிலேற்றி, அவர்க்குப் பயிற்சி தாராதிருப்பது நியாயமாகாது.

பதிவேடு காகிதத்திலிருந்தவரை அலமாரிப் பூட்டே அதன் காவல். இன்றோ தமிழ்நாட்டு உத்தியோகஸ்தர் பதிவேடுகளும் சம்பளப் பட்டியல்களும் ‘களஞ்சியம்’ என்னும் கணினி ஏற்பாட்டில் ஏறியிருக்கின்றன. இதனால் வரும் நன்மை பெரிது. கறையான் அரித்த பதிவேட்டால் ஓய்வூதியம் தடைப்பட்டு அலைந்த முதியோரை நாமெல்லாம் கண்டிருக்கின்றோம், அத்துன்பம் குறையும். ஆனால் அலமாரியைத் திருடன் ஒருவன் உடைத்தால் ஒரு கச்சேரியின் பதிவேடு போகும். கணினியை உடைத்தால் மாகாணமே போகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பணியாளர் அலுவலகத்தில் இவ்வாறு புகுந்த செய்தி 2015-இல் வெளியாயிற்று. 2 கோடியே 15 இலட்சம் பேருடைய பின்னணி விசாரணைக் குறிப்புகள் களவு போயின. அவற்றுள் 56 இலட்சம் பேருடைய விரல்ரேகைகளும் அடங்கும். கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற இயலுமோ? நம் கச்சேரிகளில் அதிகாரியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கும் வழக்கம் ஒழிந்தாலன்றிச் சட்டம் எத்துணைச் செம்மையாயிருந்தும் பயனில்லை.

உத்தியோகம் ஏற்கும் நம் மாணவர் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பதிவேட்டை உரியவர்க்குக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டுமென்பது பழைய விதி. பலர் படியாமலே கையொப்பமிடுவர். பிறந்த தேதி, நியமனம், விடுப்புக் கணக்கு ஆகிய மூன்றையுமேனும் ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்கவேண்டும். பிறந்த தேதியைத் திருத்தக் கோருவோர் பணியேற்ற ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்பது தமிழ்நாட்டு விதி. ஓய்வு நெருங்கும்போது விழிப்போர் விழித்தும் பயனில்லை.

கடைசியாக, வரலாறு பயில்வோர்க்கு ஒரு செய்தி. தகவல் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவின்படி, இருபதாண்டுக்கு முன் நிகழ்ந்ததைக் கேட்டால், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆலோசனை என்னும் மூன்று விலக்குகளே நிற்கும். சொந்தச் செய்தி என்ற விலக்கு அப்பட்டியலில் இல்லை. அந்தரங்கத்திற்கும் காலவரம்பு உண்டென்று சட்டம் கருதியது போலும். அதனினும் பழையவற்றை நாடுவோர் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்குச் செல்லலாம். கம்பெனி காலத்துக் கச்சேரிக் கடிதங்கள் அங்கே அனுமதி பெற்று வருவோரை எதிர்நோக்கிக் கட்டுக்கட்டாய் இருக்கின்றன.